கூட்டமா? கூடுகையா?
அனிமே ரசிகர் மாநாடுகள் பற்றி ஒரு சிந்தனை



"தலையில் நீலநிற முடி, கையில் அட்டையில் செய்த வாள்! இந்தக் கோலத்தில் ஏதோ ஜப்பான் கார்ட்டூன் மாநாட்டுக்குப் போக வேண்டும் என்று பிள்ளை அடம்பிடிக்கிறான். அனுப்பலாமா, வேண்டாமா?" இன்று பெற்றோர் பலர் கேட்கும் கேள்வி இது. "வீண் செலவு, வெறும் கூத்து" என்று சிலர் உடனே தடுத்துவிடுகிறார்கள். "படம் பார்க்கிற பிள்ளைகள்தானே, போகட்டும்" என்று வேறு சிலர் எதுவும் விசாரிக்காமலே அனுப்பிவிடுகிறார்கள். அங்கே என்ன நடக்கிறது என்று அறியாமல் எடுக்கும் முடிவுகள்தான் இரண்டும். ஆகவே, அனிமே ரசிகர் மாநாடு என்றால் என்ன, அது எங்கே தோன்றியது, பெரிய மாநாட்டுக்கும் சிறிய மாநாட்டுக்கும் என்ன வேறுபாடு, நம் பிள்ளைகள் அங்கே எதைத் தேடிப் போகிறார்கள் என்பதைச் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். ஜப்பானில் உருவாகும் வரைகலைப் படங்களும் தொடர்களும் 'அனிமே' எனப்படுகின்றன. அங்கு அச்சாகும் படக்கதைகளுக்கு 'மாங்கா' என்று பெயர். இவை குழந்தைகளுக்கு மட்டும் உரியவை அல்ல. பள்ளிச் சிறுவருக்கு, இளம்பெண்களுக்கு, அலுவலகம் செல்வோருக்கு என்று வயதுக்கும் விருப்பத்துக்கும் ஏற்றவாறு தனித்தனியாக வருகின்றன. 2023 முதல் கிரஞ்சிரோல் நிறுவனம் சில தொடர்களைத் தமிழ்க் குரலிலேயே தந்துவருகிறது. 2025 செப்டம்பரில் 'டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காஸில்' என்ற படம் தமிழ்க் குரலுடன் நம் திரையரங்குகளுக்கே வந்தது. பிள்ளைகள் ஜப்பானியப் பெயர்களை உறவினர் பெயர்களைப்போல் சொல்வதில் வியப்பொன்றும் இல்லை.

ஒரு பெண்ணுக்குக் கதவு மூடப்பட்டபோது

இக்கூட்டங்களில் மிகப் பெரியது டோக்கியோவில் நடைபெறும் 'காமிக் மார்க்கெட்'. சுருக்கமாகக் 'காமிக்கெட்' என்பார்கள். அது பிறந்த விதமே நம்மைச் சிந்திக்க வைக்கிறது.

1970களில் ஜப்பானில் மாங்கா ரசிகர்களுக்கென்று வேறொரு மாநாடு நடந்துவந்தது. அதன் போக்கைக் குறைகூறிய ஒரு பெண்ணுக்கு 1975இல் அங்கே இடம் மறுக்கப்பட்டது. இதைக் கேள்விப்பட்ட 'மெய்க்யூ' என்ற விமர்சனக் குழுவினர் அப்பெண்ணுக்காகக் குரல் எழுப்பினர். அதோடு நில்லாமல், யாரையும் வெளியே தள்ளாத ஒரு கூட்டத்தைத் தாமே தொடங்குவது என்று முடிவு செய்தனர். அவ்வாறு 1975 டிசம்பர் 21 அன்று டோக்கியோவின் ஓர் அரங்கில் முதல் காமிக்கெட் கூடியது. வந்த குழுக்கள் 32. வந்த மக்கள் ஏறத்தாழ 700 பேர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் பள்ளி மாணவியர்.

அங்கே விற்கப்பட்டவை 'டோஜின்ஷி' எனப்படும் சிறு நூல்கள். ஒரு ரசிகரோ ரசிகர் குழுவோ தாங்களே எழுதி, வரைந்து, சொந்தச் செலவில் அச்சிட்டுக் கொண்டுவரும் புத்தகங்கள் அவை. இருபது பிரதி விற்றாலும் மகிழ்ச்சி, இருநூறு விற்றாலும் மகிழ்ச்சி. அச்சுச் செலவைக் கூட எடுக்காமல் வீடு திரும்புவோரும் அன்று இருந்தனர், இன்றும் இருக்கின்றனர். ஆனாலும் அடுத்த முறையும் வருகிறார்கள்.

காமிக்கெட்டின் அடிப்படைக் கொள்கை ஒன்று உண்டு. அங்கே 'வாடிக்கையாளர்' என்று ஒருவரும் கிடையாது. நூல் விற்பவர், வாங்க வந்தவர், ஒழுங்குபடுத்தும் தொண்டர் ஆகிய மூவருமே 'பங்கேற்பவர்கள்'தான். காசு கொடுத்தேன், ஆகவே எனக்குச் சேவை செய்யுங்கள் என்று யாரும் அதிகாரம் செய்ய முடியாது. குப்பையைத் தன்னோடு எடுத்துச் செல்வதும், வரிசையை மதிப்பதும், மயங்கி விழுந்தவரைத் தாங்குவதும் வந்த ஒவ்வொருவரின் கடமை. காலையில் கூட்டம் தொடங்குவதாக ஒலிபெருக்கியில் அறிவித்ததும் அரங்கம் முழுவதும் கைதட்டுகிறது. மாலையில் முடிந்தது என்று அறிவித்ததும் மீண்டும் கைதட்டுகிறது. மேடையில் யாரும் இல்லை. அந்தக் கைத்தட்டல் ஒருவர் மற்றவருக்குத் தருவது.

இக்கூட்டத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவரான யோஷிஹிரோ யோனெசாவா 1980 முதல் 2006இல் இறக்கும்வரை அதன் தலைவராக இருந்தார். அவர் சேர்த்து வைத்த நூல்களைக் கொண்டு டோக்கியோவின் மெய்ஜி பல்கலைக்கழகம் 2009இல் ஒரு நினைவு நூலகத்தையே திறந்தது. 32 குழுக்களோடு தொடங்கிய கூட்டம் 1996 முதல் 'டோக்கியோ பிக் சைட்' என்னும் மாபெரும் கண்காட்சி வளாகத்தில் ஆண்டுக்கு இருமுறை, ஆகஸ்டிலும் டிசம்பர் இறுதியிலும், நடந்துவருகிறது. 2019 டிசம்பரில் நான்கு நாள்களில் பதிவான வருகை ஏழரை லட்சம். நோய்த்தொற்றுக் காலத்தில் தடைபட்டு, 2021 டிசம்பரில் நாளொன்றுக்கு 55,000 பேர் என்ற கட்டுப்பாட்டோடு மீண்டும் தொடங்கியது.

ஆனால் இந்த வளர்ச்சிப் பாதை பூவிரித்த பாதை அல்ல. 1989இல் ஜப்பானில் நான்கு சிறுமிகளைக் கொன்ற ஒருவன் பிடிபட்டான். அவன் அறையில் ஒளிநாடாக்கள் குவிந்து கிடந்ததைச் செய்தித்தாள்கள் படம் பிடித்துப் போட்டன. அன்று முதல் பல ஆண்டுகள் மாங்கா, அனிமே விரும்பும் இளையோர் அனைவரையும் சமூகம் சந்தேகக் கண்ணோடு பார்த்தது. பள்ளியில் தம் விருப்பத்தைச் சொல்லவே பிள்ளைகள் அஞ்சினர். ஒருவன் செய்த கொடுமைக்காக ஒரு தலைமுறையே தலைகுனிந்தது. வெளியில் சொல்ல முடியாததை அச்சமின்றிச் சொல்ல ஓர் இடம் இருந்தது என்றால் அது இத்தகைய கூட்டங்கள்தான். இதை மனத்தில் வைத்துக்கொண்டால், வேடமிட்ட அந்த இளையோரின் மகிழ்ச்சி நமக்கு ஓரளவு புரியும்.

அமெரிக்காவில் வேர்விட்ட விதம்

ரசிகர்கள் கூடுவதும் வேடமிடுவதும் ஜப்பானில்தான் தொடங்கின என்று எண்ண வேண்டாம். 1939இல் நியூயார்க்கில் நடந்த முதல் உலக அறிவியல் புனைகதை மாநாட்டுக்கே இருவர் எதிர்கால மனிதரைப்போல் உடையணிந்து வந்தனர். அந்த வழக்கம் அமெரிக்க மாநாடுகளில் தொடர்ந்தது. 1980களின் முற்பகுதியில் நோபுயுகி தகாஹாஷி என்ற ஜப்பானிய எழுத்தாளர் இதற்குக் 'காஸ்ப்ளே' என்று பெயர் சூட்டினார். உடையலங்காரம், நடிப்பு என்ற பொருள் தரும் இரண்டு ஆங்கிலச் சொற்களைச் சுருக்கி ஒட்டிய பெயர் அது.

அமெரிக்காவில் முதல் அனிமே மன்றம் 1977இல் லாஸ் ஏஞ்சல்ஸில் உருவானது. அந்நாளில் ஜப்பானியத் தொடர்களை ஆங்கிலத்தில் பார்ப்பது அரிது. ரசிகர்களே மொழிபெயர்த்து, எழுத்துகளைப் பதித்து, ஒளிநாடாக்களை அஞ்சலில் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டனர். ஓர் ஊரில் ஒரே ஒரு ரசிகர், நூறு மைல் தள்ளி இன்னொருவர் என்ற நிலை. இப்படிச் சிதறிக் கிடந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதற்காகவே மாநாடுகள் தோன்றின. 1990இல் டெக்சாஸ் மாநிலத்தின் டல்லஸ் நகரில் 'புராஜெக்ட் ஏ-கான்' தொடங்கியது. 1992இல் கலிபோர்னியாவில் 'அனிமே எக்ஸ்போ' தொடங்கியது. 1994இல் பென்சில்வேனியாவின் ஒரு கல்லூரி ஊரில் 'ஓட்டகான்' தொடங்கியது. முதல் ஓட்டகானுக்கு வந்தவர்கள் சுமார் 350 பேர்.

இன்று ஓட்டகான் தலைநகர் வாஷிங்டனில் நடைபெறுகிறது. அண்மை ஆண்டுகளில் 40,000க்கும் மேற்பட்டோர் வருகின்றனர். லாஸ் ஏஞ்சல்ஸில் ஜூலை நான்காம் நாள் விடுமுறையையொட்டி நடைபெறும் அனிமே எக்ஸ்போவுக்கு வருவோர் தொகை 2016இல் ஒரு லட்சத்தைக் கடந்தது. பிரான்சில் 1999இல் மூன்று நண்பர்கள் ஒரு வணிகக் கல்லூரியில் தொடங்கிய 'ஜப்பான் எக்ஸ்போ' இன்று பாரிஸ் அருகே பரந்த கண்காட்சித் திடலில் நடக்கிறது. எல்லாமே சிறிதாகத் தொடங்கியவைதான்.

உள்ளே என்ன நடக்கிறது?

மாநாட்டுக்குப் பதிவு செய்தவருக்குக் கழுத்தில் தொங்கவிடும் அட்டை ஒன்று தரப்படும். அதுவே நுழைவுச் சீட்டு. உள்ளே பல காரியங்கள் ஒரே நேரத்தில் நடக்கும். ஒரு பெரிய மண்டபத்தில் நிறுவனங்களும் கடைகளும் நூல்கள், பொம்மைகள், உடைகள் விற்கும். இன்னொரு பகுதியில் இளம் ஓவியர்கள் ஆளுக்கொரு மேசையில் அமர்ந்து, தாங்கள் வரைந்த படங்களை விற்பார்கள்; கேட்டால் நம் கண்முன்னே வரைந்தும் தருவார்கள். அதற்கு 'ஓவியர் சந்து' என்று பொருள்படும் பெயர் உண்டு. பக்கத்து அறைகளில் திரையிடல்கள், விளையாட்டுகள், கருத்தரங்குகள் நடக்கும். ஒரு தொடருக்குக் குரல் கொடுத்த நடிகர் ஓர் அறையில் பேசுவார். மறு அறையில் ஒரு கல்லூரி மாணவி ஜப்பானியக் கிமோனோ உடையின் வரலாற்றை விளக்குவார். ஆம், இக்கருத்தரங்குகளில் பலவற்றை நடத்துவோர் சாதாரண ரசிகர்களே. தலைப்பை முன்கூட்டியே எழுதி அனுப்பி, ஒப்புதல் பெற்று, மேடையேறுகிறார்கள்.

மாலையில் வேட அரங்கம். வேடமிட்டோர் மேடையில் தோன்றுவர்; குறுநாடகம் போல் நடித்தும் காட்டுவர். பரிசு அழகுக்கு மட்டும் அல்ல. நடுவர்கள் தையலையும் மடிப்பையும் திருப்பிப் பார்த்து, எதை எப்படிச் செய்தாய் என்று கேட்கிறார்கள். புதியவர், பழகியவர், கைதேர்ந்தவர் என்று பிரிவுகளும் உண்டு. ஃபோம் ஷீட்டை வெட்டிச் சூடாக்கி வளைத்துக் கவசம் ஆக்குவதும், பொய்முடியை வெட்டிப் படிய வைப்பதும், பாட்டியிடம் தையல் கற்றுக்கொள்வதும் மாதக்கணக்கில் நடக்கும் வேலை. நம் ஊரில் கிறிஸ்து பிறப்புக்குக் குடில் கட்டும் இளைஞர்கள் அட்டையையும் களிமண்ணையும் வைக்கோலையும் கொண்டு இரவெல்லாம் கண்விழித்து என்ன பாடுபடுகிறார்கள் என்பதை நாம் அறிவோம். கையால் ஒன்றைச் செய்து முடித்து, அதைப் பிறர் பார்த்து வியக்கும்போது உண்டாகும் நிறைவு எங்கும் ஒன்றுதான்.

பெரியதும் சிறியதும்

பெரிய மாநாட்டுக்குப் போனால் என்ன கிடைக்கும்? ஜப்பானிலிருந்து வரும் இயக்குநர்களையும் பாடகர்களையும் பார்க்கலாம். புதிய படங்களின் அறிவிப்பை முதலில் கேட்கலாம். தான் விரும்பும் ஒன்றை இத்தனை ஆயிரம் பேர் விரும்புகிறார்களா என்ற வியப்பு கிடைக்கும். இது சிறிய காரியம் அல்ல. தன் வகுப்பில் தனித்து நிற்கும் ஒரு பிள்ளைக்கு அந்த முதல் காட்சி பெரிய ஆறுதல்.

ஆனால் விலையும் உண்டு. அனிமே எக்ஸ்போ போன்ற மாநாட்டில் நான்கு நாள் நுழைவுக்கட்டணமே நூறு டாலரைத் தாண்டும். அறை வாடகை, பயணம், உணவு ஆகியவை தனி. உள்ளே நுழைய வரிசை, உணவுக்கு வரிசை, கையொப்பத்துக்கு வரிசை. பல இடங்களில் கையொப்பத்துக்குக் குலுக்கல் முறைகூட உண்டு. கூட்டத்தில் முகங்கள் கடந்துபோகும். பெயர் கேட்க நேரம் இருக்காது.

சிறிய மாநாட்டின் இயல்பே வேறு. ஒரு விடுதியின் இரண்டு தளம், ஒரு கல்லூரியின் வகுப்பறைகள், சில ஊர்களில் பொது நூலகத்தின் ஒரு கூடம், அவ்வளவுதான். அமெரிக்காவில் நூலகங்கள் நடத்தும் ஒருநாள் கூடுகைகள் பலவற்றுக்குக் கட்டணமே இல்லை. விருந்தினராக வரும் குரல்நடிகர் மதிய உணவு வரிசையில் நமக்கு முன்னால் நிற்பார். ஓவியர் தன் மேசையில் பத்து நிமிடம் நம்மோடு பேசுவார். முதல்முறை வேடமிட்டு வந்த பிள்ளையின் தோள்பட்டைக் கவசம் கழன்று விழுந்தால், ஊசிநூலோடும் பசையோடும் ஓடிவர யாராவது இருப்பார்கள். இப்படிப் பழுது பார்ப்பதற்கென்றே ஒரு மேசை போட்டு வைப்பதும் பல மாநாடுகளில் வழக்கம். அடுத்த ஆண்டு அதே முகங்கள். "போன முறை நீ பச்சை மேலங்கி போட்டிருந்தாயே" என்று நினைவில் வைத்துக் கேட்பார்கள்.

பெரிய மாநாட்டில் நாம் பார்வையாளராகிவிடுவது எளிது. சிறிய கூடுகையிலோ பங்கேற்காமல் இருப்பதே கடினம். அங்கே நாற்காலி போட ஆள் வேண்டும், வாசலில் அட்டை கொடுக்க ஆள் வேண்டும், கருத்தரங்கு நடத்த ஆள் வேண்டும். பேசக் கூசும் பிள்ளைக்குக்கூட ஒரு வேலை கிடைத்துவிடுகிறது. கையில் ஒரு வேலை இருந்தால் வாய் தானாகத் திறக்கும். ஆகவே முதன்முறை செல்லும் பிள்ளைக்குச் சிறிய கூடுகையே ஏற்றது என்பது நம் எண்ணம்.

பெரியவையும் தொண்டர்கள் இன்றி நடப்பதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஓட்டகானை நடத்துவோர் அனைவரும் ஊதியம் பெறாத தொண்டர்கள். அதன் அமைப்பு இலாப நோக்கற்றது. காமிக்கெட்டிலும் கூட்டத்தை ஒழுங்குபடுத்துவோர் தொண்டர்களே. திருவிழாத் தேர் வரும்போது கயிறு பிடித்துக் கூட்டத்தை ஒதுக்கி நிற்கும் நம் இளைஞர்களைப் போலவே, விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து வெயிலில் நிற்கிறார்கள்.

அவர்களே வகுத்துக்கொண்ட ஒழுங்குகள்

இத்தகைய கூட்டங்களில் ஒழுங்கே கிடையாது என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மை வேறு.

முதலாவது, மற்றவரின் உடலுக்கு மரியாதை. வேடமிட்டவரைத் தொடவோ, கேட்காமல் படம் எடுக்கவோ கூடாது. உடை எப்படி இருந்தாலும் அது அனுமதி ஆகாது என்ற கருத்தை 2014இல் நியூயார்க் காமிக் கான் பெரிய பலகைகளில் எழுதி வைத்தது. இன்று அனிமே மாநாடுகள் பலவற்றிலும் இவ்விதி உண்டு. ஜப்பானில் இன்னும் கண்டிப்பு. காமிக்கெட்டுக்கு வேடத்தோடு தெருவில் நடந்து வரக்கூடாது. உள்ளே உடைமாற்றும் அறையில்தான் அணிய வேண்டும். படம் எடுக்கவும் தனி இடம் உண்டு.

இரண்டாவது, வாளும் துப்பாக்கியும் போன்ற பொம்மை ஆயுதங்களைத் தொண்டர்கள் சோதித்து, ஆபத்தற்றவை என்று அடையாளப் பட்டை கட்டிய பின்னரே உள்ளே விடுகிறார்கள்.

மூன்றாவது, ரசிகர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் ஓர் எளிய விதி: நாளொன்றுக்கு ஆறு மணி நேரத் தூக்கம், இரண்டு வேளை உணவு, ஒரு முறை குளியல். உற்சாகத்தில் இவற்றை மறந்து மயங்கி விழுந்தவர்களைப் பார்த்தவர்கள் வகுத்த விதி இது. நம் இளையோர் முகாம்களுக்கும் இது பொருந்தும்!

நான்காவது, நோய்க் காலத்தில் காட்டிய பொறுப்பு. 2021 நவம்பரில் நியூயார்க்கில் நடந்த 'அனிமே என்.ஒய்.சி.' மாநாட்டுக்கு 53,000 பேர் வந்தனர். அங்கே சென்று திரும்பிய ஒருவருக்கு அப்போது புதிதாக வந்த ஓமிக்ரான் வகை கொரோனா இருப்பது தெரியவந்தது. நாடே பதறியது. சுகாதாரத் துறையினர் ஆய்வு செய்தபோது, அஞ்சியதுபோல் மாநாட்டில் தொற்று பரவலாகப் பரவவில்லை என்று தெரிந்தது. தடுப்பூசியும் முகக்கவசமும் அங்கே கட்டாயமாக இருந்தன. அரங்கில் காற்றோட்டமும் நன்றாக இருந்தது. மற்றவருக்காகச் சற்றுச் சிரமப்படுவது வீண் போவதில்லை.

கவனிக்க வேண்டியவை

நல்லதைச் சொன்ன நாம் கவலைக்குரியதையும் மறைக்கக் கூடாது.

வயதுக்கு ஒவ்வாத படைப்புகள் அங்கே இருப்பது உண்மை. காமிக்கெட்டில் விற்கும் நூல்களில் வயதுவந்தோருக்கு மட்டும் உரிய ஆபாச நூல்களும் கணிசமாக உண்டு. இதன் காரணமாகவே 1991இல் டோக்கியோவுக்கு வெளியே மகுஹரி என்ற இடத்தின் அரங்கு காமிக்கெட்டுக்கு மறுக்கப்பட்டது. அதன்பின் விற்பனைக்கு முன் நூல்களைச் சோதிப்பது கண்டிப்பாயிற்று. அமெரிக்க மாநாடுகளில் 18 வயதுக்கு மேற்பட்டோருக்கான நிகழ்ச்சிகளை இரவில் தனியே வைத்து, வயதுச் சான்று பார்த்து அனுமதிக்கிறார்கள். இருப்பினும் கடைத்தெருவில் கண்ணில் படுவதை முழுவதும் தடுக்க இயலாது. பெற்றோர் இதை அறிந்திருக்க வேண்டும்.

பணம் இன்னொரு கவலை. சுற்றிலும் விருப்பமான பொருள்கள் குவிந்து கிடக்கும்போது பிள்ளையின் கை நிற்காது. மூன்றாவது, அறிமுகமற்ற பெரியவர்கள். இணையத்தில் பழகிய ஒருவரை முதன்முதலாக நேரில் சந்திக்கும் இடமாகவும் மாநாடு அமைந்துவிடுகிறது. பெரும்பாலும் நல்லவர்களே என்றாலும், விடுதி அறைக்குத் தனியே போவது போன்றவற்றில் தெளிவான எல்லை வேண்டும்.

நாள்காட்டியையும் பாருங்கள். பெரும்பாலான மாநாடுகள் வெள்ளி முதல் ஞாயிறுவரை நடக்கும். சியாட்டில் நகரின் 'சகுரா-கான்' வழக்கமாக உயிர்ப்புப் பெருவிழாவின் வார இறுதியிலேயே வருகிறது. 2024, 2025 ஆகிய இரு ஆண்டுகளிலும் புனித வெள்ளியன்று தொடங்கி உயிர்ப்பு ஞாயிறன்று முடிந்தது. அமெரிக்காவில் குடியேறியுள்ள நம் குடும்பங்கள் இதை முன்கூட்டியே பிள்ளைகளோடு பேசி முடிவு செய்வது நல்லது. கடைசி நேரத்தில் "கோவிலா, மாநாடா?" என்று அதட்டினால் இரண்டிலும் பிள்ளையின் மனம் ஒட்டாது.

திருஅவை அங்கே போன கதை

இத்தாலியின் லூக்கா நகரில் 1966 முதல் படக்கதை விழா ஒன்று நடந்துவருகிறது. கோட்டை மதில் சூழ்ந்த அந்தப் பழைய நகரில் 2022இல் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட நுழைவுச்சீட்டுகள் விற்றன. 2024ஆம் ஆண்டு விழாவில் வத்திக்கானின் நற்செய்தி அறிவிப்புப் பேராயம் முதன்முறையாக ஓர் அரங்கு அமைத்தது. 2025ஆம் ஆண்டு யூபிலியின் அடையாளமாக உருவாக்கிய 'லூச்சே' என்ற சிறுமியை அங்கே மக்கள் முன் வைத்தது. லூச்சே என்றால் ஒளி என்று பொருள். மஞ்சள் மழையங்கி, சேறு படிந்த காலணி, கையில் திருப்பயணியின் கோல், அனிமே பாத்திரங்களுக்கு உரிய பெரிய கண்கள். வரைந்தவர் சிமோனே லேன்யோ என்ற இத்தாலிய ஓவியர். அறிவிப்பு வந்த சில நாள்களிலேயே உலகெங்கும் உள்ள அனிமே ரசிகர்கள் லூச்சேயைத் தங்கள் கையால் வரையத் தொடங்கினர். சிலர் கேலியும் செய்தனர். 2025இல் ஜப்பானின் ஒசாகா உலகக் கண்காட்சியிலும் லூச்சே இடம்பெற்றாள்.

இதனால் அங்கே நடப்பதெல்லாம் சரி என்று ஆகிவிடாது. ஆயினும், இளையோர் கூடும் இடத்துக்குப் போய், அவர்கள் மொழியில் பேசிப் பார்க்கலாம் என்று திருஅவையே துணிந்தபோது, வீட்டில் உள்ள நாம் அந்த மொழியின் நான்கு சொற்களையாவது கற்றுக்கொள்ளலாம் அல்லவா?

பெற்றோருக்குச் சில நடைமுறைக் குறிப்புகள்

இது இனி கடல் கடந்த கதை அல்ல. 2024 பிப்ரவரியில் சென்னை வர்த்தக மையத்தில் காமிக் கான் முதன்முறையாக நடந்தது. அனிமே வேடங்கள் அங்கே நிறையவே காணப்பட்டன. ஆகவே:

1. முதல்முறை நீங்களும் உடன் செல்லுங்கள். வாசலில் விட்டுவிட்டுக் காத்திருக்காமல் உள்ளே போய், பிள்ளை விரும்பும் பாத்திரத்தின் கதையைக் கேளுங்கள். அது ஏன் பிடிக்கிறது என்று அவன் சொல்வதில் அவனைப் பற்றி நீங்கள் அறியாத ஒன்று இருக்கும்.

2. முடிந்தால் சிறிய, ஒருநாள் கூடுகையில் தொடங்குங்கள்.

3. செலவுத் தொகையை முன்கூட்டியே ரொக்கமாகக் கையில் கொடுத்துவிடுங்கள். தீர்ந்தால் தீர்ந்ததுதான்.

4. வேடத்தை விலைக்கு வாங்கித் தருவதைவிட வீட்டில் சேர்ந்து செய்யுங்கள். நம் வெயிலுக்குக் கனத்த உடை ஆகாது. தண்ணீர் பாட்டில் அவசியம்.

5. மாநாட்டின் நடத்தை விதிகளைச் சேர்ந்து வாசியுங்கள். யாரேனும் தொந்தரவு செய்தால் எந்தத் தொண்டரிடம் சொல்வது என்பதைக் கேட்டு வையுங்கள்.

6. அடுத்த ஆண்டு தொண்டராகப் போகிறாயா என்று கேளுங்கள்.

நிறைவாக

ஒரு பெண்ணுக்குக் கதவு மூடப்பட்டதால் தொடங்கிய கூட்டம் ஐம்பது ஆண்டுகளைக் கடந்து நிற்கிறது. அதற்குக் காரணம் வண்ண உடைகள் மட்டும் அல்ல. வந்தவர் எவரையும் வாடிக்கையாளராகப் பார்க்காமல், "நீயும் எங்களில் ஒருவன், இந்தா உனக்கும் ஒரு வேலை" என்று அது சொன்னது. நம் பிள்ளைகள் நீலமுடி அணிந்து பேருந்து ஏறிப் போவது இந்தச் சொல்லைத் தேடித்தான்.

இதே சொல் அவர்களுக்கு நம் வீட்டில் கிடைக்கிறதா? அன்பியக் கூட்டத்தில் கிடைக்கிறதா? நம் கூட்டங்களில் பெரியவர்கள் பேச, இளையோர் சுவரோரம் நின்று கேட்டுவிட்டுப் போகும் வழக்கம் எத்தனை காலமாக நடக்கிறது! பாட வரும் பிள்ளைக்குப் பாடலையும், வரையத் தெரிந்த பிள்ளைக்குச் சுவரையும், பேசத் தயங்கும் பிள்ளைக்கு நாற்காலி அடுக்கும் பொறுப்பையும் கொடுத்துப் பார்ப்போம். மாநாட்டுக்குப் போகும் பிள்ளையை மகிழ்வோடும் கவனத்தோடும் அனுப்புவோம். திரும்பி வந்ததும் "எவ்வளவு செலவழித்தாய்?" என்பதை இரண்டாவது கேள்வியாக்கி, "யாரைச் சந்தித்தாய்?" என்று முதலில் கேட்போம்.